இதய அறுவைச் சிகிச்சை: முன்னேற்பாடும் மறுவாழ்வும்

இதயத்தைத் திறந்து அறுவை செய்வது இன்று நம் நாட்டில் அரிய செயலன்று. 1953ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், டாக்டர் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணைகொண்டு ஓர் இளம்பெண்ணின் இதயச் சுவரிலிருந்த துளையை அடைத்தார். அடுத்த பத்தாண்டுக்குள் பம்பாய், வேலூர் ஆகிய நகரங்களின் மருத்துவக் கல்லூரிகளிலும் இத்தகைய சிகிச்சை தொடங்கிவிட்டது. 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்தார். 1990 டிசம்பரில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான உள்நாட்டுச் செயற்கை வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 1994 ஆகஸ்டில் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் இதய மாற்றுச் சிகிச்சையை வெற்றிகரமாக நடத்தினர்.

இவையனைத்தும் அறுவை அரங்கிற்குள் நிகழ்ந்த சாதனைகள். ஆனால் ஒரு நோயாளியின் வாழ்நாளில் அறுவை அரங்கில் கழியும் நேரம் சில மணிகளே. அவர் எந்த உடல்நிலையில் உள்ளே செல்கிறார், வீடு திரும்பிய பின் அவருக்கு என்ன நேர்கிறது என்பனவும் சிகிச்சையின் பயனைத் தீர்மானிக்கின்றன. மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்படும் நாளை வெற்றியின் அளவுகோலாகக் கொள்வது போதாது. ஓராண்டு கழித்து அவர் மருந்தைத் தவறாது உட்கொண்டு தம் தொழிலைச் செய்துவருகிறாரா என்பதே சரியான அளவுகோல். இந்த நோக்கில், அறுவைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றை நோயாளியின் குடும்பத்தினர் மட்டுமன்றி, சுகாதாரத் துறையினரும் அறிந்திருத்தல் நலம்.

நோயாளிகள் யார்?

இந்தியாவில் இதய அறுவைக்கு வருவோரைப் பெரும்பாலும் மூன்று பிரிவினராகக் கொள்ளலாம். பிறவியிலேயே இதயத்தில் குறையுடைய குழந்தைகள் முதற் பிரிவினர். சிறுவயதில் ஏற்பட்ட ருமாட்டிக் காய்ச்சலால் வால்வுகள் பழுதுற்றோர் இரண்டாம் பிரிவினர். இவர்களில் பலர் இருபது முதல் நாற்பது வயதிற்குட்பட்டவர்கள். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களும் இவர்களில் கணிசமானோர். இதயத் தசைக்கு இரத்தம் அளிக்கும் நாளங்களில் அடைப்பு ஏற்பட்டுப் பைபாஸ் சிகிச்சை பெறுவோர் மூன்றாம் பிரிவினர். இவர்கள் பெரும்பாலும் நடுவயதினரும் முதியோரும் ஆவர். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை இவர்களிடையே மிகுதி. பிரிவுக்குப் பிரிவு தேவைகள் வேறுபடினும், அடிப்படை ஏற்பாடுகள் பெரும்பாலும் ஒன்றே.

அறுவைக்கு முன்

அவசர நிலைகளைத் தவிர, பெரும்பாலான இதய அறுவைகளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே நாள் குறிக்கப்படுகிறது. இந்த இடைவெளியை வெறும் காத்திருப்புக் காலமாகக் கருதுவது தவறு. இது உடலைத் தயார்செய்யும் காலம்.

முதலாவது, புகையிலை. பீடி, சிகரெட் புகைப்போருக்கு நுரையீரலில் சளி மிகுந்து, அறுவைக்குப் பின் நுரையீரல் அழற்சி ஏற்படும் ஆபத்து அதிகமாகிறது. புண் ஆறுவதும் தாமதமாகிறது. குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே இப்பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அவ்வளவு காலம் இல்லையெனில், அறிந்த நாளிலேயே விடுவது நன்று. வாயில் அடக்கும் புகையிலையையும் அன்றே கைவிட வேண்டும்.

இரண்டாவது, இரத்த சோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்த சோகை உடையவர்கள். சோகையுடன் அறுவைக்குச் செல்பவருக்கு அதிக இரத்தம் ஏற்ற நேரிடுகிறது, தேறுவதும் மந்தமாகிறது. இரும்புச் சத்துக் குறைவே காரணமெனில், மாத்திரையாலோ சிரைவழி மருந்தாலோ சில வாரங்களில் அதைச் சீர்செய்ய இயலும். இதற்குப் பெருநகர மருத்துவமனை தேவையில்லை. வட்டார மருத்துவமனையே போதும்.

மூன்றாவது, நீரிழிவு. சர்க்கரை கட்டுக்கடங்காத நிலையில் நெஞ்செலும்பைப் பிளந்தால், அந்தப் புண்ணில் நோய்க்கிருமி தொற்றும் வாய்ப்புப் பெருகும். முந்தைய மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும் இரத்தச் சோதனையை முன்கூட்டியே செய்து, மருந்தையோ இன்சுலினையோ திருத்தியமைக்க வேண்டும்.

நான்காவது, பற்கள். இது பலருக்கு வியப்பளிக்கலாம். சொத்தைப் பல்லிலும் சீழ் கோத்த ஈறுகளிலும் உள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து, புதிய வால்வில் படிந்து, உயிருக்கே இறுதியாகும் அழற்சியை உண்டாக்கக்கூடும். எனவே வால்வு அறுவைக்கு முன் பல் மருத்துவரைக் கண்டு, பிடுங்க வேண்டிய பற்களைப் பிடுங்கி, அடைக்க வேண்டியவற்றை அடைத்துக்கொள்வது இன்றியமையாதது.

ஐந்தாவது, மருந்துகள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்றவற்றை ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு முன் நிறுத்துவது வழக்கம். நீரிழிவுக்கான சில புதிய மாத்திரைகளை மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியுள்ளது. ஆயினும் ஆஸ்பிரின் போன்ற சில மருந்துகள் பெரும்பாலும் தொடரப்படுகின்றன. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவதே எளிய வழி.

ஆறாவது, மூச்சுப் பயிற்சி. மூன்று பந்துகள் கொண்ட சிறிய பிளாஸ்டிக் கருவியில் மூச்சை மெல்ல உள்ளிழுத்துப் பந்துகளை உயர்த்தும் பயிற்சி, நுரையீரலின் அடிப்பகுதி வரை காற்று செல்ல உதவுகிறது. நெஞ்சில் வலியுடன் இதைப் புதிதாகக் கற்பது கடினம். வலி இல்லாதபோதே கற்றுக்கொண்டவர் அறுவைக்குப் பின் அதை எளிதில் செய்கிறார்.

வால்வைத் தேர்தல்

வால்வு மாற்றப்பட வேண்டியவர் அறுவைக்கு முன்னரே தெளிவுபெற வேண்டிய மற்றொரு செய்தி, எவ்வகை வால்வு என்பது. உலோகத்தாலோ கரியாலோ ஆன இயந்திர வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதன்மீது இரத்தம் உறையாதிருக்க, வாழ்நாள் முழுதும் உறைவெதிர் மாத்திரை உட்கொள்ள வேண்டும். மாடு, பன்றி ஆகியவற்றின் திசுவால் ஆன வால்வுக்கு இத்தகைய வாழ்நாள் மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் இளம் வயதினரிடம் அது விரைவில் தேய்ந்து, மறுபடியும் அறுவை தேவைப்படலாம்.

குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் பெண்ணுக்கு இத்தேர்வு மிகுந்த முக்கியத்துவம் உடையது. வார்ஃபரின் மருந்து கருவின் தொடக்க வாரங்களில் குழந்தைக்குக் குறைகளை விளைவிக்கக்கூடும். அதை அஞ்சித் தானே மருந்தை நிறுத்தினால், வால்வில் இரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து நேரும். இந்த இக்கட்டை அறுவைக்கு முன்பே அப்பெண்ணிடமும் கணவரிடமும் விளக்குவது மருத்துவரின் கடமை. பழுதான வால்வை மாற்றாமல் செப்பனிட முடியுமா, சுருங்கிய வால்வைக் குழாய்வழிப் பலூனால் விரிக்க முடியுமா என்பனவும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

மருத்துவமனையில்

அறுவைக்குப் பின் நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை இருப்பார். கண்விழிக்கும்போது தொண்டையில் மூச்சுக்குழாய் இருக்கலாம். அப்போது பேச இயலாது. நெஞ்சிலிருந்து கழிவு இரத்தத்தை வெளியேற்றும் குழாய்களும், சிறுநீர்க் குழாயும் இணைக்கப்பட்டிருக்கும். இவற்றை முன்னரே அறிந்தவர் அஞ்சுவதில்லை; உறவினரும் கலங்குவதில்லை.

இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போவது பலரிடம் காணப்படுகிறது. பெரும்பாலும் இது மருந்தினால் சீராகிவிடும். முதியோர் சிலர் ஓரிரு நாட்கள் இடம், காலம் அறியாது குழம்பிப் பேசுவதுண்டு. கண்ணாடி, காதுக்கருவி ஆகியவற்றைத் திரும்ப அளிப்பதும், பழகிய குரல் அருகில் ஒலிப்பதும் அவர்கள் தெளிவடைய உதவுகின்றன. இருமும்போது ஒரு சிறு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். வலிக்கு அஞ்சி இருமலை அடக்கினால் சளி தேங்கிவிடும். கூடிய விரைவில் எழுந்து அமர்வதும் நடப்பதும் மருந்துக்கு இணையானவை.

வீடு திரும்பிய பின்

சிக்கல் இல்லையெனில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் நோயாளி வீடு திரும்புகிறார். உண்மையில் கவனத்துக்குரிய காலம் இங்குதான் தொடங்குகிறது. பிளக்கப்பட்ட நெஞ்செலும்பு கம்பியால் பிணைக்கப்பட்டிருப்பினும், அது கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகும். அதுவரை ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தூக்கலாகாது. தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை, பேரக்குழந்தை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். கைகளை ஊன்றி எழுவதையும், அடிபம்பில் நீர் இறைப்பதையும், இருசக்கர வாகனம் ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும். காலிலிருந்து சிரை எடுக்கப்பட்டிருந்தால் அக்கால் சிறிது வீங்கலாம். அமரும்போது அதை உயர்த்தி வைப்பது நல்லது.

முழு ஓய்வு என்ற பெயரில் கட்டிலிலேயே கிடப்பது தீங்கானது. முதல் வாரத்தில் நாளைக்கு மூன்று நான்கு முறை, ஐந்து நிமிட நேரம் சமதரையில் நடக்கலாம். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, ஆறாம் வார முடிவில் ஒரே நடையில் முப்பது நிமிடத்தை எட்டலாம். நடந்துகொண்டே பேச முடிகிற வேகமே ஏற்ற வேகம். அலுவலகப் பணியாளர் ஆறு முதல் எட்டு வாரங்களில் பணிக்குத் திரும்பலாம். ஏர் பிடிப்போரும் சுமை தூக்குவோரும் மூன்று மாதங்கள் வரை பொறுத்திருக்க வேண்டும். கூலி இழந்து அவ்வளவு காலம் காத்திருக்க இயலாத குடும்பங்களில்தான் பிணைத்த எலும்பு விலகும் ஆபத்து மிகுதி என்பதைத் திட்டமிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

மேலை நாடுகளில் பயிற்சி, உணவு, மனநலம், மருந்து ஆகியவற்றை இணைத்த மறுவாழ்வு மையங்கள் உண்டு. நம் நாட்டில் அவை சில பெருநகரங்களோடு நின்றுவிடுகின்றன. மாரடைப்புற்றோரிடையே யோகப் பயிற்சி அடிப்படையிலான மறுவாழ்வு முறையை இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் சோதித்த 'யோகா-கேர்' ஆய்வின் முடிவுகள் 2020இல் வெளியாயின. இறப்பும் மறுமாரடைப்பும் கணிசமாகக் குறைந்தன என்று அது நிறுவவில்லை. ஆயினும் நோயாளிகளின் உடல்நல உணர்வும், பழைய அலுவல்களுக்குத் திரும்பும் ஆற்றலும் மேம்பட்டன என்று காட்டியது. அறுவைக்குப் பின் யோகம் பயில்வோர், நெஞ்செலும்பு கூடும்வரை கைகளால் உடலைத் தாங்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, தவறான பத்தியம் பல வீடுகளில் தடையாக உள்ளது. முட்டை, மீன், பருப்பு ஆகியவை புண்ணில் சீழ் வைக்கும் என்ற எண்ணம் ஆதாரமற்றது. புண் ஆறப் புரதம் தேவை. இவையே அதற்கு மலிவான வழிகள். குறைக்க வேண்டியது உப்பையே. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை ஒதுக்கினாலே பெரும்பங்கு குறைந்துவிடும்.

மனநிலையும் கவனிக்கத்தக்கது. உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, எரிச்சல் ஆகியவை முதல் சில வாரங்களில் பலருக்கும் வருவன. அவை நீடித்தால் சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கும் மருத்துவம் உண்டு. குடும்பத் தலைவர் 'இனி ஒன்றுக்கும் உதவாதவர்' என்று ஒதுக்கப்படுவதும், அவர் தம்மைத்தாமே அவ்வாறு எண்ணிக்கொள்வதும் மறுவாழ்வைக் கெடுப்பன.

கீழ்க்காணும் அறிகுறிகள் தோன்றினால் காலம் தாழ்த்தாது மருத்துவரை அணுக வேண்டும்: 100.4 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல், புண்ணிலிருந்து நீரோ சீழோ வடிதல், நெஞ்செலும்பு அசையும்போது 'கடகட' என்ற உணர்வு, இரண்டு மூன்று நாட்களில் எடை 2 கிலோ கூடுதல், படுத்தால் மூச்சுத் திணறல், மயக்கம், வாய் கோணுதல் அல்லது ஒரு கை கால் செயலிழத்தல், மலம் கறுத்துப் போதல்.

வாழ்நாள் மருந்து

பைபாஸ் சிகிச்சை பெற்றவர் தம் நோய் நீங்கிவிட்டதாகக் கருதலாகாது. அடைப்பை உண்டாக்கிய காரணங்கள் உடலில் அப்படியே உள்ளன. ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் மருந்தும் பொதுவாக வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியவை.

இயந்திர வால்வு பெற்றவரின் நிலை இதனினும் நுட்பமானது. உறைவெதிர் மருந்து குறைந்தால் வால்வு இறுகும். கூடினால் இரத்தம் கசியும். இந்த நடுநிலையை அளக்கும் இரத்தச் சோதனை 'ஐ.என்.ஆர்.' எனப்படும். வால்வின் வகையையும் இடத்தையும் பொறுத்து, இது பொதுவாக 2 முதல் 3.5 வரையிலான எல்லைக்குள் இருக்க வேண்டும். நிலைபெற்ற பின்னும் மாதம் ஒருமுறையேனும் சோதிப்பது பாதுகாப்பானது. கீரை வகைகளில் உள்ள 'கே' வைட்டமின் இம்மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். அதற்காகக் கீரையை அறவே விட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்து வார்ஃபரினின் ஆற்றலைப் பெரிதும் குறைக்கிறது. சில கிருமிக்கொல்லிகளும் வலி மாத்திரைகளும் இரத்தக் கசிவைக் கூட்டுகின்றன. ஆகவே எந்த மருத்துவரிடம், எந்த நோய்க்குச் சென்றாலும் 'எனக்குச் செயற்கை வால்வு உள்ளது' என்று முதலில் கூற வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன் கிருமிக்கொல்லி மருந்தும் தேவை. இயந்திர வால்வின் மெல்லிய 'டிக்' ஒலி திடீரென மங்கினால் அதுவே அபாய அறிவிப்பு.

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றோர் மற்றொன்றையும் மறக்கலாகாது. புதிய வால்வு பொருத்தியதால் அந்நோய் மறுபடி தாக்காது என்பதில்லை. எஞ்சிய வால்வுகளையும் அது கெடுக்கலாம். எனவே மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சாதின் பென்சிலின் ஊசி, மருத்துவர் கூறும் காலம்வரை தொடரப்பட வேண்டும். ஒவ்வாமை அச்சத்தால் இந்த ஊசியைப் போடப் பல சுகாதார நிலையங்களில் தயங்குகின்றனர். கடும் ஒவ்வாமை அரிது. அதைச் சமாளிக்கும் அட்ரினலின் மருந்தும் பயிற்சி பெற்ற செவிலியரும் இருந்தால் தயக்கம் நீங்கும்.

அரசின் பங்கு

அறுவைக்கான செலவு முன்பு ஏழைக் குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியது. அந்நிலையை மாற்றப் பல முயற்சிகள் நடந்துள்ளன. 2007இல் ஆந்திரப் பிரதேசத்தில் ஆரோக்கியஸ்ரீ, 2009இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2013இல் பிறவிக் குறையுள்ள குழந்தைகளைக் கண்டறியும் தேசிய சிறார் நலத் திட்டம், 2018 செப்டம்பரில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்ச ரூபாய் வரை அளிக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஆகியவை குறிப்பிடத்தக்கன. 2024இல் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 70 வயது கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. இதய அறுவைக்குச் செல்வோருக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகையும் உண்டு.

எனினும் ஓர் இடைவெளி நிலவுகிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டம், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களின் செலவையும், விடுவிக்கப்பட்ட பின் 15 நாட்களின் செலவையும் ஏற்கிறது. வார்ஃபரின் மாத்திரையோ வாழ்நாள் முழுதும் தேவை. மாத்திரையின் விலை குறைவே. ஆனால் சோதனைக்காக நூறு கிலோமீட்டர் பயணமும் ஒருநாள் கூலி இழப்பும் சேரும்போது, நோயாளி முதலில் சோதனையை விடுகிறார். பின்னர் மருந்தையும் விடுகிறார். இலட்சக்கணக்கான ரூபாய் செலவில் பொருத்தப்பட்ட வால்வு சில ரூபாய் மாத்திரையின்றி இறுகிப்போவது குடும்பத்துக்கும் நாட்டுக்கும் இழப்பாகும்.

இதற்குப் புதிய மருத்துவமனைகள் தேவையில்லை. ஐ.என்.ஆர். சோதனை சிறிய ஆய்வுக்கூடத்திலும் செய்யக்கூடியது. விரல்நுனி இரத்தத்தில் அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் இச்சோதனையும் உறைவெதிர் மருந்தும் தடையின்றிக் கிடைக்கச் செய்யலாம். தொற்றா நோய்த் திட்டப் பதிவேட்டில் இதய அறுவை பெற்றோரைத் தனியாகக் குறித்து, 'ஆஷா' ஊழியர் மாதம் ஒருமுறை அவர்களைக் காணலாம். 2019இல் தொடங்கிய 'இ-சஞ்சீவனி' தொலை மருத்துவச் சேவை வழியே மாத்திரையின் அளவை மருத்துவர் திருத்தலாம். விடுவிப்புக் குறிப்பை ஆங்கிலத்தில் மட்டும் அளிக்காமல், நோயாளியின் தாய்மொழியில் ஒரு பக்கச் சுருக்கமாகவும் அளிக்க வேண்டும். வால்வின் வகை, ஐ.என்.ஆர். எல்லை, அடுத்த ஊசி நாள், அபாய அறிகுறிகள் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும்.

இதய அறுவையில் அறுவை மருத்துவரின் கைத்திறன் ஒரு பகுதியே. சோகையைத் தீர்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம், சொத்தைப் பல்லைப் பிடுங்கும் மாவட்ட மருத்துவமனை, ஊசி நாளை நினைவூட்டும் கிராமச் செவிலி, உப்பைக் குறைத்துச் சமைக்கும் இல்லத்தார் ஆகிய அனைவரும் அதில் பங்குடையோர். பெருநகரில் தொடங்கிய சிகிச்சையை நோயாளியின் ஊர்வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பு இவர்களைச் சார்ந்தது. அப்பொறுப்பு நிறைவேறும்போதே அறுவைக்காகச் செலவிட்ட பொதுப்பணம் முழுப் பயன் தரும்.